ஊகித்தவனும் கொலைகாரனா?

1952 நவம்பரில் இங்கிலாந்தின் குரொய்டனில், பண்டகசாலைக் கூரையொன்றில் பொலிஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் 16 வயதினன்; வயது காரணமாகத் தூக்கினின்றும் தப்பினான். உடன் திருடச் சென்ற 19 வயது டெரெக் பென்ற்லியோ, அந்த வேட்டு எழுமுன்பே பொலிசாரின் பிடியில் இருந்தவன். கூட்டுப் பொறுப்பின் பேரால் 1953 ஜனவரியில் அவனே தூக்கிலிடப்பட்டான். அவனைக் குற்றவாளியாக்கிய தீர்ப்பு 1998இல் ரத்தாயிற்று.

ஆளை ஏவிக் கொல்விக்கும் முதலாளி, தன் கையில் இரத்தமில்லை என்று தப்பிவிடலாகாது. ஆதலால் கூட்டுப் பொறுப்பே வேண்டாமென்பார் வாதம் எமக்கு உடன்பாடன்று. ஆயின், தோழன் கொல்லக்கூடும் என ஊகித்ததும் கொல்ல நினைத்ததும் ஒன்றாகுமோ? 1984இல் கோமறைக் கழகம், ஹொங்கொங் வழக்கொன்றில், ஊகமே போதுமென்றது. குத்தியவனுக்கு எதிராக நோக்கத்தை நிறுவவேண்டும். உடன் நின்றவனுக்கு எதிராக அதுவும் வேண்டியதில்லை! விசித்திரமான நீதிதான்.

2016இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம், ஜோகீ வழக்கில், இதைப் பிழையென ஏற்றது: முன்னறிதல் நோக்கத்துக்குச் சான்றாகலாம், நோக்கமே ஆகாது. ஆனால் பழைய விதியால் சிறைப்பட்டோர் காலங்கடந்து மேன்முறையீடு செய்வதாயின், தமக்குக் கணிசமான அநீதி நேர்ந்ததைக் காட்டவேண்டுமாம். முடிந்த தீர்ப்புகளின் நிலைபேற்றைக் காக்கவே இந்நிபந்தனை என்பர். அந்நிலைபேற்றுக்கு விலை கொடுப்பவன் நீதிபதியல்லன், கைதி. இந்நிபந்தனையை நீக்கி, அவ்வழக்குகளை மீள விசாரிக்கப் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமியற்றுதல் வேண்டும்.