ஊகமும் உறுதியும்

அரபு மொழியில் 'ழன்' என்றால் ஊகம். 'யகீன்' என்றால் ஐயத்திற்கு இடமற்ற உறுதி. இவ்விரண்டின் வேறுபாட்டை மாணவர்க்கு விளக்கும்போது, தொலைவில் தெரியும் உருவத்தை நான் உவமையாகக் கூறுவதுண்டு. இன்றைய போர்க்கப்பலில் அவ்வுருவம் ரேடார் திரையில் ஓர் ஒளிப்புள்ளி. புள்ளிக்கு முகமில்லை, அது நண்பனா பகைவனா என்று மனிதனே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

1988 ஜூலை 3. ஈரான்–இராக் போர் முடியாத நேரம். அமெரிக்கக் கடற்படையின் வின்சென்ஸ் கப்பல், ஈரானியக் கடலெல்லைக்குள் நின்று ஈரானியப் படகுகளோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தது. அவ்வேளை பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய பயணிகள் விமானமொன்று அதன் திரையில் தென்பட்டது. கப்பலிலிருந்தோர் அதனைப் போர்விமானம் என்று கொண்டனர். ஏவுகணைகள் இரண்டு பாய்ந்தன. 290 உயிர்கள் மாண்டன. அவர்களுள் 66 பேர் குழந்தைகள். விமானம் தரையை விட்டெழுந்து ஏழு நிமிடங்களே ஆகியிருந்தன.

கருவி பழுதுபட்டதா? இல்லை. ஏஜிஸ் எனும் அக்கருவித் தொகுதியின் பதிவுகளை அமெரிக்கப் படையினரே பின்னர் ஆராய்ந்தனர். விமானம் மேலேறிக்கொண்டிருந்தது என்றே பதிவு கூறிற்று. பயணிகள் விமானங்களுக்குரிய அடையாளக் குறியையும் அது அனுப்பிக்கொண்டிருந்தது. கப்பலிலோ, அது தங்களை நோக்கி இறங்குவதாகக் குரல்கள் எழுந்தன. உயரத்தைக் காட்டும் எண்கள் சிறு திரையில் இருந்தன. அடுத்தடுத்த எண்களை ஒப்பிட்டால்தான் ஏற்றமா இறக்கமா என்பது விளங்கும். அஞ்சியவர்கள் தாம் எதிர்பார்த்ததையே கண்டார்கள்.

அச்சத்திற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1987 மே மாதம் ஸ்டார்க் என்ற அமெரிக்கக் கப்பல், வந்த இராக்கிய விமானத்தைச் சுடாதிருந்து, இரு ஏவுகணைகளால் தாக்குண்டு 37 மாலுமிகளை இழந்தது. தம் மாலுமிகளின் உயிர் ஒரு தளபதியின் கையில் அமானிதம் அன்றோ? இவ்வாறு வாதிடுவோரை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஆயினும் அருகில் நின்ற சைட்ஸ் கப்பலின் தளபதி அதே விமானத்தைத் தம் கருவிகளால் கண்டு, ஆபத்தில்லை என்று கருதியிருந்தார். உறுதி எட்டாத இடத்தில் ஊகத்தின்படி நடப்பவனை மன்னிக்கலாம். உறுதி கண்முன்னே எண்களாக நிற்கையில் ஊகத்தைப் பற்றிக்கொண்டவனை எப்படி மன்னிப்பது?

பிழையாகக் கொன்றவனுக்குப் பழிக்குப்பழி இல்லை. ஆனால் இறந்தவர் குடும்பத்தாருக்கு 'தியத்' எனும் இழப்பீடு உண்டு என்று நம் சட்டநூல்கள் வகுத்தன. 1996-இல் அமெரிக்கா அக்குடும்பங்களுக்கென 6 கோடியே 18 லட்சம் டாலர் தர இசைந்தது. சட்டப்பொறுப்பை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு முன்பே, 1990-இல், வின்சென்ஸ் தளபதிக்குப் பணிச்சிறப்புப் பதக்கம் அளிக்கப்பட்டிருந்தது. பதக்கத்தோடு தந்த பாராட்டுரையில் அந்த விமானத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.