ஊருணியும் வீட்டுக் கிணறும்

திரைப்படங்களை வாடகைக்குக் கொடுக்கும் வீடியோ கடைகள், பதிவிறக்கம் பெருகிவிட்ட இக்காலத்தில் பிழைத்திருக்குமா என்னும் கேள்வி, மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு வெறும் வணிகக் கேள்வியாகவே தோன்றும். மக்கள் நாடினால் கடை நடக்கும். நாடாவிட்டால் கதவு சாத்தப்படும். குதிரை வண்டியும் போயிற்று. கிராமபோன் தட்டும் போயிற்று. இதுவும் போகட்டுமே என்று சொல்லி நாம் அப்பால் நகர்ந்துவிடலாம். ஆயினும் இக்கேள்வியின் அடியில் அறம் பற்றிய கேள்வி ஒன்று உறைந்து கிடக்கின்றது. ஒரு பொருளை நாம் பெறுகின்ற முறை நம்மை எத்தகையவராக ஆக்குகின்றது? எளிதாகக் கிடைத்த ஒன்றுக்காக நாம் எவர்க்கேனும் கடன்பட்டிருக்கின்றோமா? பிறந்த மண்ணை விட்டுத் தலைநகரில் குடியேறிய நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இக்கேள்வி மேலும் நெருக்கமானது. ஏனெனில் நம் வீட்டிற்குள் தமிழோசை புகுந்த வழிகளுள் அக்கடையும் ஒன்றாக இருந்தது.

1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி இந்நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதன் பின்னாலேயே வீடியோ டெக்கும் வந்தது. இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த என்னைப் போன்ற எழுத்தர்களுக்கு அதை விலை கொடுத்து வாங்கும் வசதி இல்லை. நான்கு குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டு, சனிக்கிழமை மாலை டெக்கையும் இரண்டு காசெட்டுகளையும் வாடகைக்கு எடுப்போம். கூடத்தில் பாய் விரித்து, குழந்தைகளும் முதியவர்களுமாக விடிய விடியப் பார்ப்போம். தமிழ் ஒரு சொல்லும் அறியாத பஞ்சாபி அம்மையார் ஒருவரும் அண்டை வீட்டிலிருந்து வந்து அமர்ந்து, எங்களோடு கண்ணீர் விடுவார். அந்நாளில் தூர்தர்ஷனில் தமிழ்ப்படம் என்பது, மாநில மொழிப் படங்களின் வரிசையில் எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் கிட்டும் விருந்து. சன் தொலைக்காட்சி தொடங்கியதோ 1993இல்தான். இடைப்பட்ட அவ்வாண்டுகளில், தில்லியில் பிறந்த நம் பிள்ளைகள் வீட்டாரல்லாத பிறர் பேசும் தமிழைக் கேட்டது பெரும்பாலும் அந்தக் காசெட்டுகளின் வாயிலாகத்தான்.

நாங்கள் காசெட் எடுத்த கடை கரோல்பாக்கில் இருந்தது. கடைக்காரர் நெல்லைச் சீமைக்காரர். எங்கள் எல்லோர்க்கும் அவர் ‘அண்ணாச்சி’. நீண்ட கணக்கு நோட்டு ஒன்றில் பெயரும் வீட்டு எண்ணும் எழுதிக்கொள்வார். ஒவ்வொரு காசெட்டின் மேலும் அவர் கையால் எழுதி ஒட்டிய சீட்டு ஒன்று இருக்கும்: ‘சுற்றிக் கொடுக்கவும்’.

இளைய தலைமுறையினர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டும். படம் முடியும்போது நாடா முழுவதும் ஒரு பக்கத்துச் சுருளுக்குப் போயிருக்கும். அதை மீண்டும் தொடக்கத்திற்குச் சுற்றி வைத்தால்தான் அடுத்து எடுப்பவர் முதலிலிருந்து பார்க்க இயலும். சுற்றுவதால் நமக்கு யாதொரு பயனும் இல்லை. நாம்தான் பார்த்து முடித்துவிட்டோமே! அடுத்து எடுப்பவர் யாரென்றும் நமக்குத் தெரியாது. ஆனாலும் இரவு மூன்று மணிக்குத் தூக்கக் கண்களோடு ஒருவர் எழுந்து சுற்றி வைப்பார். முகமறியாத ஒருவர்க்காகச் செய்யும் இச்சிறு செயலை நான் அன்று ஓர் அறமாக எண்ணவில்லை. இன்று எண்ணுகிறேன்.

அக்கடைகளைக் குற்றமற்ற கோயில்களாகக் காட்டுவது என் நோக்கமன்று. அன்று வாடகைக்குக் கிடைத்த காசெட்டுகளுள் பல, உரியவரின் இசைவின்றிப் படியெடுக்கப்பட்டவை. படியின் படியாக எடுத்ததால் மங்கிப்போன காட்சிகளை நாமும் அறிவோம், அறிந்தே பார்த்தோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை 1984இல் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்க நேர்ந்ததற்கு வீடியோ களவும் ஒரு காரணம். ஆகவே, ‘அன்று நாங்கள் நேர்மையாக வாடகை கொடுத்தோம், இன்று பிள்ளைகள் திருடுகிறார்கள்’ என்று பேசும் தகுதி என் தலைமுறைக்கு முழுமையாக இல்லை.

என் மகன் கணினியில் படங்களை இறக்கத் தொடங்கிய காலத்தில் அவனைக் கண்டித்தேன். “நான் எடுத்ததால் அவரிடம் ஒன்றும் குறையவில்லையே, அப்பா?” என்று கேட்டான். எளிதில் தள்ளிவிடக் கூடிய கேள்வியன்று அது. ஆட்டைத் திருடினால் உரியவனுக்கு ஆடு இல்லாமற் போகின்றது. படத்தை நகலெடுத்தால் படம் அவரிடமே இருக்கின்றது. ஆனால் திருவள்ளுவர் கள்ளாமை என்னும் அதிகாரத்தை எங்கே வைத்தார் என்று பார்க்க வேண்டும். அரசன் தண்டிக்கும் குற்றங்களைப் பேசும் பொருட்பாலில் அவர் அதை வைக்கவில்லை. அறத்துப்பாலில், துறவறவியலில் வைத்தார். பறிகொடுத்தவனின் இழப்பைக் காட்டிலும் எடுப்பவனின் உள்ளத்து விருப்பத்தையே அவர் முதலில் நோக்கினார் என்று நான் கொள்கிறேன். ஒளி அமைத்தவரும் ஒப்பனை செய்தவரும் பின்னணி பாடியவருமாக நூற்றுக்கணக்கானோர் உழைத்த ஒன்றை, ‘அவர்களுக்கு நான் எதுவும் தர வேண்டியதில்லை’ என்னும் எண்ணத்தோடு நுகர்வதே குற்றத்தின் வேர். குறைந்தது பொருளா இல்லையா என்பது அதன் பின் வரும் கணக்கு.

சரி, முறையாகச் சந்தா செலுத்தி இணையத்தில் படம் பார்ப்பவர்களைப் பற்றி என்ன சொல்வது? அவர்கள் மேல் களவுக் குற்றம் இல்லை. நானும் இன்று அவ்வாறே பார்க்கிறேன். நடக்க முடியாத முதியவர்க்கும் ஊருக்கு வெளியே வாழ்பவர்க்கும் அது பெரும் நன்மை. ஆயினும் அங்கும் ஒன்று மாறியிருக்கின்றது. நாம் எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. எனவே நமக்குப் பின் வருபவர் என்று ஒருவரும் இல்லை. நம் பட்டியலில் நேற்று இருந்த படம், உரிமக் காலம் முடிந்தால் இன்று சொல்லாமல் மறைந்துவிடும். அண்ணாச்சியின் அலமாரியில் இருந்ததை எவரும் தொலைவிலிருந்து அழித்துவிட முடியாது. அவரே விற்றால்தான் உண்டு. இங்கோ, நாம் பணம் கொடுத்துப் பெறுவது பார்ப்பதற்கான இசைவு மட்டுமே. பொருள் நம் ஊரில் எவரிடமும் இல்லை.

எங்கள் சிவகங்கைச் சீமையில் ஊருக்கு ஓர் ஊருணி உண்டு. குடிநீருக்கு எல்லோரும் அதையே நம்பியிருந்தமையால், கோடையில் நீர் வற்றும்போது வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியோடு இறங்கித் தூர் வாருவார்கள். பிறகு வசதி உள்ளவர்கள் வீட்டிலேயே ஆழ்துளைக் கிணறு தோண்டினார்கள். அதில் குற்றம் ஏதும் இல்லை. ஆனால் மெல்ல மெல்ல ஊருணிக்குத் தூர் வார ஆள் வரவில்லை. கரை உடைந்தது, சீமைக் கருவேல் முளைத்தது. ஊருணியை அழிக்க வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அது தமக்குத் தேவையில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள், அவ்வளவே. பின்னர் ஒரு கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டபோது ஊரார் ஊருணியை நோக்கி நடந்தார்கள். அங்கே முள்தான் இருந்தது.

வீடியோ கடைகள் பெருவாழ்வு வாழ்ந்த அமெரிக்காவில் நிகழ்ந்ததும் இதுவே. முறையாக வாங்கிய பிரதியை வாங்கியவர் வாடகைக்கு விடலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். அந்த உரிமையின் மேல்தான் அங்கே கடைகள் எழுந்தன. 1985இல் டல்லாஸ் நகரில் தோன்றிய பிளாக்பஸ்டர் நிறுவனம், 2004ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 9,000 கடைகளை நடத்தியது. 2010இல் அது திவாலாயிற்று. 2019 முதல், ஆரிகன் மாநிலத்துப் பெண்டு என்னும் ஊரில் உள்ள ஒரே கடைதான் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1998இல் அஞ்சல் வழியாகத் தட்டுகளை வாடகைக்கு அனுப்பத் தொடங்கிய நெட்பிளிக்ஸ், 2007இல் இணைய வழியில் படங்களைக் காட்டலாயிற்று. 2023இல் தட்டுகளை அனுப்புவதையே நிறுத்திவிட்டது. கடைகளை வென்ற வாடகை முறையும் இறுதியில் கைவிடப்பட்டது என்பது எண்ணத் தக்கது.

ஆனால் எல்லாக் கடைகளும் மடியவில்லை. சியாட்டில் நகரில் 1988இல் தொடங்கிய ஸ்கேர்குரோ வீடியோ என்னும் கடை, வணிகமாக நீடிக்க முடியாத நிலை வந்தபோது, 2014இல் இலாப நோக்கற்ற அமைப்பாக மாறியது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட படங்களை அது காத்து வருகின்றது. நியூயார்க்கின் கிம்ஸ் வீடியோ மூடப்பட்டபோது, அதன் தொகுப்பு 2009இல் கடல் கடந்து சிசிலித் தீவின் சலேமி என்னும் ஊருக்குப் போயிற்று. அங்கே நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2022இல் மீண்டும் நியூயார்க்கிலேயே ஒரு திரையரங்கில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. இவற்றிலிருந்து நான் கற்பது ஒன்று. இலாபத்தை மட்டும் நம்பிய கடைகளுக்கு இலாபம் போனதும் வேறு பற்றுக்கோடு இல்லை. ‘இது எங்கள் பொதுச்சொத்து’ என்று வாடிக்கையாளர் உணர்ந்த இடங்களுக்கு, காப்பாற்ற ஆட்கள் இருந்தார்கள். ஊருணிக்கு மண்வெட்டியோடு இறங்குவோர் அங்கே இருந்தார்கள் என்பதுதான் வேறுபாடு.

காக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதை நாம் பிறரிடம் கற்க வேண்டியதில்லை. ஏட்டுச்சுவடிகள் ஆற்றில் விடப்பட்டும் கறையானுக்கு இரையாகியும் போனதைக் கண்டு உள்ளம் நைந்து, எஞ்சியவற்றை ஊர் ஊராகத் தேடியவர் உ.வே. சாமிநாதையர். அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1931இல், தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளிவந்தது. இன்று அப்படத்தின் பிரதி ஒன்றும் இல்லை. நடராஜ முதலியார் எடுத்த தென்னகத்தின் முதல் மௌனப்படமான ‘கீசக வத’மும் இல்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் அமைந்தபோது இழப்புகள் பல நிகழ்ந்து முடிந்திருந்தன. ‘யாரோ வைத்திருப்பார்கள்’ என்று எல்லோரும் நினைத்த பொருள்தான் எவரிடமும் இல்லாமற் போகின்றது.

இங்கே என் குற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கே.பி. சுந்தராம்பாள் ‘ஔவையா’ராக நடித்த 1953ஆம் ஆண்டுப் படத்தின் காசெட்டை, என் தாயாருக்காக அண்ணாச்சியிடம் எடுத்து வந்தேன். அப்போது தாயார் படுக்கையில் இருந்தார். மறுநாளே திருப்பித் தர வேண்டியது. அவர் மீண்டும் மீண்டும் கேட்டதால் ஒரு வாரம் வைத்திருந்தேன். அண்ணாச்சியிடம் சொன்னபோது, “அம்மா ஆசை தீரப் பாக்கட்டும், மெதுவாக் கொண்டாங்க” என்றார். தாயார் மறைந்தார். சடங்குகள் முடிந்து மாதங்கள் பல கடந்தபின் காசெட்டைக் கண்டேன். இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்று வெட்கப்பட்டேன். வாடகைப் பாக்கியை எண்ணித் தயங்கவும் செய்தேன். அதற்குள் கேபிள் வந்தது; குறுந்தகடு வந்தது; பதிவிறக்கம் வந்தது. அப்பக்கம் போக வேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று. இறுதியில் நான் போன நாளில் அங்கே கைப்பேசிக் கடை இருந்தது. அண்ணாச்சி எங்கே போனார் என்று அங்கிருந்த இளைஞருக்குத் தெரியவில்லை.

அண்ணாச்சியின் கடையை மூடியது பதிவிறக்கம் என்று சொல்லிவிடுதல் எளிது. உண்மையில் அதை மூடியவர்களுள் நானும் ஒருவன். அவரிடம் தேவை இருந்த வரை உறவு கொண்டாடினேன். தேவை தீர்ந்ததும் கடனைக் கூடத் தீர்க்காமல் விலகினேன். எந்திரம் எனக்கு அவ்வாய்ப்பைத் தந்ததே தவிர, அவ்வாறு செய்யுமாறு சொல்லவில்லை.

கொடுத்தவர் இல்லாதபோது கடனை யாரிடம் செலுத்துவது? இதற்கு விடை அந்தச் சீட்டிலேயே இருக்கின்றது. சுற்றிக் கொடுப்பது கடைக்காரருக்காக மட்டும் அன்று, அடுத்து வருபவர்க்காகவும்தான். அண்ணாச்சிக்குத் தர வேண்டியதை இனி அடுத்தவர்க்குத்தான் தர முடியும்.

ஆகவே, வீடியோ கடை பிழைக்குமா என்ற கேள்விக்கு என் விடை இது: வணிகமாகப் பிழைத்தல் அரிது, பொதுச்சொத்தாகப் பிழைத்தல் இயலும். அதற்கு நம்மைப் போன்ற சங்கங்களே தக்க இடம். முறையாக வாங்கிய திரைப்படப் பிரதியை, இலாப நோக்கற்ற நூலகம் ஒன்று இலாபம் கருதாமல் இரவல் தருவதை, 2012இல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டம் வணிக வாடகையாகக் கருதுவதில்லை. புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி போதும். நம் வீடுகளில் தூசி படிந்து கிடக்கும் முறையான குறுந்தகடுகளைச் சேர்த்தாலே அது நிறையத் தொடங்கிவிடும். ஒருவர் பொறுப்பேற்றுக் கணக்கு நோட்டு வைத்துக்கொள்ளலாம்.

என்னிடம் உள்ள காசெட்டை நான் அந்த அலமாரிக்குத் தர இயலாது. அது இசைவு பெற்று எடுத்த பிரதியா என்பதே ஐயம், நாடாவும் பழுதாகிவிட்டது. எனவே நல்ல தமிழ்ப்படங்கள் சிலவற்றை முறையான தட்டுகளாக விலைக்கு வாங்கிச் சங்கத்தின் நூலகத்திடம் ஒப்படைக்க எண்ணியுள்ளேன். அவற்றின் முதற்பக்க ஏட்டில் நன்கொடையாளர் பெயர் வேண்டாம். ‘கரோல்பாக் அண்ணாச்சியின் கடன்’ என்று எழுதினால் போதும். தட்டைச் சுற்றிக் கொடுக்க வேண்டிய தேவை இல்லை. கீறாமல், உரிய நாளில் கொண்டுவந்து சேர்த்தால் போதும். அடுத்தவர் காத்திருப்பார்.