நீத்தார் கடனும் நாம் வாழும் நாடும்



ஆண்டுதோறும் ஏப்ரல் 25ஆம் திகதி விடியற்காலையில், அவுஸ்திரேலியாவின் ஊர்கள் தோறும் மக்கள் போர் நினைவுத் தூண்களின் முன் கூடுகின்றனர். 1915ஆம் ஆண்டு அதே நாளில் துருக்கியின் கலிப்பொலிக் கரையில் இறங்கிய அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினரை நினைவுகூரும் அன்சாக் தினம் அது. அந்தப் போர்முனையில் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட அவுஸ்திரேலியர் மாண்டனர். பின்வந்த போர்களில் இறந்தோரும், உயிரோடு திரும்பிய படைவீரர்களும் அன்று மதிக்கப்படுகின்றனர்.

இம்முறை நம் வட்டார வைபவத்தில் மலர்வளையம் வைக்குமாறு நம் ஆலய சபைக்கும் அழைப்பு வந்துள்ளது. இதையொட்டி அடியார்களிடையே இரண்டு ஐயங்கள் எழுந்தன. சைவ ஆலயத்துக்குப் போர் வைபவத்தில் என்ன வேலை என்பது ஒன்று. மற்றையது ஆழமானது. போருக்கு அஞ்சி ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். சீருடையைக் கண்டால் இன்றும் நெஞ்சு பதறுவோர் நம்மிடையே உண்டு. "என் மகனுக்கு ஓர் அந்தியேட்டிகூடச் செய்யக் கிடைக்கவில்லை. நான் எப்படி ஊரார் படைவீரருக்குப் பூ வைப்பது?" என்று ஒரு தாயார் கேட்டார். இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட நம்மால் முடியாது.

இல்வாழ்வான் பேணவேண்டியவற்றுள் நீத்தாரையே வள்ளுவர் முதலில் வைத்தார். வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, நீராட்டி, படையலிட்டு வாழ்த்துவது தமிழர் பழைய வழக்கம். தொல்காப்பியம் அதன் படிமுறைகளையே வகுத்துச் சொல்கிறது. ஆகவே தூணின் முன் தலைவணங்குவது நமக்குப் புதிதன்று.

மகாபாரதத்தைப் பாருங்கள். குருக்ஷேத்திரப் போர் முடிந்ததும் தருமர் முடிசூட ஓடவில்லை. மாண்டவர் அனைவருக்கும் ஈமக்கடன் செய்வித்தார். எதிரணியில் நின்றவர்களுக்கும், தூர தேசங்களிலிருந்து வந்து கேட்பாரின்றிக் கிடந்தவர்களுக்கும் செய்வித்தார். கங்கைக் கரையில் நீர்க்கடன் நடந்தபோதுதான், கர்ணன் தன் தமையன் என்பதைக் குந்தியின் வாயால் அறிந்தார். அந்நியன் என்று எண்ணியவன் உடன்பிறந்தவனாக இருந்தான்.

நமக்கும் அப்படி ஓர் உறவு உண்டு. இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால், பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸும் அதற்குத் துணையாகச் சென்ற அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் வம்பயரும் குண்டுவீச்சில் மூழ்கின. ஹேர்மிஸில் மட்டும் 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வைட்டா என்ற மருத்துவக் கப்பல் பிழைத்தோரைக் கடலிலிருந்து மீட்டது. மற்றவர்களுக்கு நம் கீழைக் கடலே கல்லறையாயிற்று. மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தத்தில் ஆடி அமாவாசையன்று நம்மவர் தந்தையரை நினைந்து நீராடுகின்றனர். அதே கரைக்கு அப்பால் இந்நாட்டுப் பிள்ளைகள் சிலர் உறங்குகின்றனர். அவர்களின் தாய்மாருக்கும் ஈமக்கடன் செய்ய உடல் கிடைக்கவில்லை.

அந்தத் தாயாருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். அம்மா, மலர் வைப்பது போரைப் போற்றுவதாகாது. வீடு திரும்பாத பிள்ளையின் துயரம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். தூணின் முன் எல்லாரும் மௌனமாக நிற்கும் அந்தப் பொழுதில் உங்கள் மகனையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அங்கே இடமுண்டு.

வர இயலாதவர்களை வற்புறுத்தோம். வருவோர் பிள்ளைகளையும் அழைத்து வருக. பதக்கம் அணிந்து நிற்கும் முதியவர்களைப் பிள்ளைகள் கைகூப்பி வணங்கட்டும். இந்நாட்டு வழக்கப்படி ரோஸ்மேரித் தளிரை நெஞ்சில் அணிந்துகொள்ளலாம். நினைவுத் தூண் மயானமன்று, ஆதலால் தீட்டு என்ற அச்சம் வேண்டாம்.

வைபவம் முடிந்ததும் ஆலயத்தில் மோட்ச தீபம் ஏற்றி ஆத்மசாந்திப் பிரார்த்தனை நடைபெறும். அத்தீபம் இந்நாட்டார் பிள்ளைகளுக்கும் நம் பிள்ளைகளுக்கும் பொதுவானது. இறந்தோர் யாவரும் இறைவன் திருவடி நிழலில் அமைதியுறவும், இருப்போர் போரின்றி வாழவும் எல்லாம் வல்ல சிவபெருமானை வேண்டுவோமாக.

சுபம்.