பார்த்தேன் என்னும் சொல்

மனிதர் அன்றாடம் வழங்கும் சொற்களுள் மிக எளிதாக நாவில் வந்துவிடும் சொல் "பார்த்தேன்" என்பது. திருவிழாவுக்குச் சென்றவர் தேரைப் பார்த்தேன் என்கிறார். மருத்துவமனைக்குச் சென்றவர் நோயாளியைப் பார்த்தேன் என்கிறார். இச்சொல்லைச் சொல்லும் உரிமையை நாம் எப்போது பெறுகிறோம்? கண்கள் திறந்திருந்தால் போதுமா? இவ்வினா எனக்கு ஒரு நூலைப் படித்து எழுந்ததன்று. நெடும்பயணம் ஒன்றின் முதல் நாளில் நான் செய்த சிறு பிழையிலிருந்து எழுந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூன் மாதத்தில், தனியாக நியூயார்க் நகரில் போய் இறங்கினேன். அப்போது காலை 8 மணி. நான் தங்கவேண்டிய இல்லத்தில் மாலையில்தான் அறை கிடைக்கும் என்றார்கள். பெட்டியை அங்கே வைத்துவிட்டு, கையில் ஒரு குடையும் மனத்தில் ஒரு பட்டியலுமாகப் புறப்பட்டேன். இரண்டு இரவுகளாகச் சரியான உறக்கம் இல்லை. ஆயினும், பலர் செய்த உதவியால் அமைந்த பயணம் அது. இவ்வளவு செலவு செய்து வந்தபின் ஒரு பகலை உறங்கிக் கழிப்பது நன்றிகேடு என்று எண்ணினேன். பார்க்க வேண்டியவற்றைப் பார்த்தே தீரவேண்டும் என்று என்னை நானே விரட்டினேன்.

முதலில் கிராண்ட் சென்ட்ரல் தொடர்வண்டி நிலையம். 1913-ல் திறக்கப்பட்ட அதன் பெருங்கூடத்தின் நடுவில் நான்கு முகங்கள் கொண்ட கடிகாரம் ஒன்று உண்டு. மேற்கூரையில் விண்மீன் கூட்டங்கள் தீட்டப்பட்டுள்ளன. அவ்வோவியத்தின் பெரும்பகுதி இடம் வலம் மாறி அமைந்துவிட்டது என்பது பலரும் அறிந்த செய்தி. நான் அதைப் பின்னர்தான் படித்தேன். அன்று நெடுநேரம் அண்ணாந்து நின்றும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கடிகாரத்தின் நான்கு முகங்களும் ஒரே நேரத்தைக் காட்டின. என் உடலோ வேறொரு நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. கடிகார நேரம் மனிதர் செய்துகொண்ட உடன்பாடு. அமெரிக்கத் தொடர்வண்டி நிறுவனங்கள் 1883 நவம்பர் 18-இல்தான் பொதுநேரத்தை ஏற்றன. சென்னைக்கும் பம்பாய்க்கும் தனித்தனி நேரம் வழங்கிய நம் நாட்டில் 1906-இல் பொதுநேரம் வந்தது. ஆனால் நம் உடல் எந்த உடன்பாட்டிலும் கையொப்பம் இடவில்லை. மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் ஒன்றையொன்று கடக்கும் இடத்திற்குச் சற்று மேலே, உடலின் கடிகாரம் அமைந்துள்ளது. கண்வழி வரும் ஒளியைக் கொண்டே அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேர அளவே அதனால் திருந்த இயலும். கோடைக்காலத்தில் சென்னைக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஒன்பதரை மணிநேர வேறுபாடு உண்டு. ஜெட்லாக் என்று நாம் சொல்லும் தடுமாற்றம் இதுவே. கடுந்தூக்கம் மேலிடும்போது, கண் திறந்திருக்கையிலேயே மூளை சில நொடிகள் உறங்கிவிடுவதும் உண்டு.

பிற்பகல் 2 மணிக்கு, அதாவது நம் ஊரில் இரவு பதினொன்றரைக்கு, மன்ஹாட்டனின் தென்கோடியில் ஸ்டேட்டன் தீவுக்குச் செல்லும் படகில் ஏறினேன். 1997 முதல் அதில் கட்டணம் இல்லை. எட்டு கிலோமீட்டர் தொலைவை இருபத்தைந்து நிமிடங்களில் கடக்கும் அப்படகிலிருந்து சுதந்திர தேவியின் சிலை நன்கு தெரியும். அதற்கென்றே வலப்பக்கத்தில் இடம் பிடித்து அமர்ந்தேன். அமர்ந்ததும் உறங்கிப்போனேன்.

யாரோ என் தோளைத் தொட்டார். படகின் பணியாளர்; வயது முதிர்ந்தவர். "எல்லாரும் இறங்கவேண்டும், ஐயா" என்றார். நான் எழுந்து தள்ளாடினேன். இருக்கைக்கு அடியில் உருண்டு கிடந்த என் குடையைக் குனிந்து எடுத்து என் கையில் கொடுத்தார். "நெடுந்தொலைவிலிருந்து வருகிறீர்களா?" என்று கேட்டார். நான் தடுமாறாமல் வாயிலைக் கடக்கும்வரை அங்கேயே நின்றார்.

திரும்பும் படகில் அமரவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைபேசியில் படமும் எடுத்தேன். அப்படம் இன்றும் என்னிடம் உள்ளது. சிலை அதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் அதைக் கண்ட அந்த நிமிடம் என் நினைவில் இல்லை. கண் திறந்திருந்தது, கை வேலை செய்தது, நான் மட்டும் அங்கே இல்லை.

அன்றிரவு 9 மணிக்கு ஊரிலிருக்கும் என் அக்காவுடன் பேசினேன். அவருக்கு அப்போது விடியற்காலை ஆறரை. "சிலையைப் பார்த்தாயா, தம்பி?" என்று ஆவலோடு கேட்டார். "பார்த்தேன், அக்கா" என்றேன். "எப்படி இருந்தது?" என்றார். சிலையின் உயரம் 151 அடி என்றேன். பிரான்சு நாட்டுச் சிற்பி பார்த்தோல்டி வடித்தது, உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்தை ஈஃபில் அமைத்தார், 1886-இல் திறந்து வைத்தார்கள், செம்புத் தகடு காற்றுப்பட்டுப் பச்சை நிறமாகிவிட்டது என்றெல்லாம் விரித்துரைத்தேன். அத்தனையும் பயணத்திற்கு முன் படித்தவை. அக்கா மகிழ்ந்தார். நான் சொன்ன ஒவ்வொரு செய்தியும் உண்மை. சொன்ன நானோ பொய்யன்.

இதில் யாருக்கு என்ன கேடு என்று சிலர் கேட்கலாம். அக்காவுக்குத் தவறான செய்தி எதுவும் போகவில்லையே. ஆனால் புனித அகுஸ்தீனார் பொய்யைச் செய்தியின் தவற்றில் தேடவில்லை. உள்ளத்தில் ஒன்றிருக்க நாவு வேறொன்றைச் சொல்வதில் கண்டார். தெரியாமல் தவறானதைச் சொல்பவர் முழுப் பொருளில் பொய்யராகார் என்றும், ஏமாற்றும் எண்ணத்தோடு உண்மையையே சொல்பவரிடம் பொய்யின் சாரம் உண்டு என்றும் புனித தோமா அக்குவினார் பிரித்துக் காட்டினார். வாய்மை அதிகாரத்தில் வள்ளுவரும் மனிதனின் நெஞ்சையே சாட்சியாக நிறுத்துகிறார். தனியே பயணம் செய்பவருக்கு வேறு சாட்சி ஏது?

நீதிமன்றத்தில் ஒருவர், பிறர் சொல்லக் கேட்டதைத் தாம் கண்டதாகச் சொன்னால், அச்செய்தி மெய்யாகவே இருந்தாலும் அவர் பொய்ச்சாட்சியே. "பார்த்தேன்" என்பது ஒரு செய்தியன்று. அது ஒரு சாட்சியம். "நான் அங்கே இருந்தேன், என் உள்ளமும் அங்கே இருந்தது" என்று அது உறுதி கூறுகிறது.

களைப்பு குற்றமன்று. உடலைச் சுமைகூலியாக எண்ணி, விரும்பிய இடத்திற்கெல்லாம் இழுத்துச் சென்றது என் அறியாமை, அவ்வளவே. "அங்கே போனேன், அக்கா, ஆனால் தூக்கத்தில் ஒன்றும் மனத்தில் பதியவில்லை" என்று சொல்லியிருந்தால் அதில் இழுக்கு ஏதுமில்லை. பிழை நாவில் தொடங்கியது. செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற கூச்சமே நாவை இழுத்தது.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. காணாததைக் கண்டதாகச் சொல்லும்போது, உண்மையில் கண்டதை மறைத்துவிடுகிறோம். அன்று முழுவதும் நான் விழிப்போடு கண்டது ஒன்றே: ஒரு முதியவர் குனிந்து என் குடையை எடுத்துத் தந்தது. அது என் பட்டியலில் இல்லை. ஆகவே அதைச் சொல்லத்தக்கதாக நான் எண்ணவே இல்லை. நோயாளியின் கட்டிலருகே நின்றபடி அடுத்த வேலையை நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, "பார்த்துவிட்டு வந்தேன்" என்று வீட்டாரிடம் சொல்லும் நம் வழக்கத்தை இங்கே எண்ணிப் பாருங்கள். அந்த நோயாளி நம்மிடம் சொன்ன ஒரு சொல்லாவது நம் நினைவில் இருக்கிறதா?

ஊர் திரும்பியபின் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். "சிலை அங்கேயேதானே இருக்கும், தம்பி? குடையை எடுத்துக் கொடுத்தவரைப் பற்றி ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்று கேட்டார்.

நான் விடை சொல்லவில்லை. சிலையின் படத்தை இப்போதும் எடுத்துப் பார்ப்பதுண்டு. எதுவும் நினைவுக்கு வருவதில்லை. அந்த முதியவரை நான் படம் எடுக்கவில்லை. அவர் முகம் நன்றாக நினைவிருக்கிறது.