ஆறு வார்த்தையும் ஓர் அலையும்

‘சர்ஃபிங் ஒரு தியானம்’ என்று யாராவது ஒருவர் சொல்லாமல் சென்னைக்குப் பக்கத்துக் கோவளம் கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவதில்லை. சொல்பவர் பெரும்பாலும் அப்போதுதான் தண்ணீரிலிருந்து ஏறி வந்திருப்பார். மூக்கில் உப்புநீர் எரியும், முகத்தில் சிரிப்பு வழியும். 2013இல் தொடங்கிய கோவளம் அலைச்சறுக்கு விழாவின் பெயரிலேயே இசையோடு யோகாவும் இருந்தது. கர்நாடகத்தின் முல்கியில் 2004இல் நாட்டின் முதல் சர்ஃபிங் கிளப்பைத் தொடங்கியவரே ஒரு சந்நியாசிதான். கௌடிய வைணவ மரபில் துறவு பூண்ட அமெரிக்கர் ஜாக் ஹெப்னரை ‘சர்ஃபிங் சுவாமி’ என்றே அழைத்தார்கள். ஆகவே அலைக்கும் ஆன்மிகத்துக்கும் முடிச்சுப் போடுவது புதிதல்ல. ஆனால் தியானம் என்று போடும் முடிச்சு கொஞ்சம் தளர்வானது. மனம் ஒன்றில் குவிவதெல்லாம் தியானம் என்றால், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர் ஷிஃப்ட் முழுக்கத் தியானத்தில்தான் இருக்கிறார். கவனம் சிதறினால் விரல் போய்விடும் என்பதால் அங்கே குவிவு இன்னும் அதிகம்.

அலை எழுப்பும் கேள்வி வேறு. பலகைமேல் நின்றபடி கரைவரை வந்தவரைக் கொண்டுவந்தது எது? அவர் கை வலிக்கத் தண்ணீரைத் தள்ளியதா, அலையா? மனித முயற்சிக்கும் இறையருளுக்கும் நடுவே இருக்கும் இந்த வழக்கைத் தமிழ்நாடு பல நூற்றாண்டுகளாக விசாரித்து வருகிறது. அந்த விசாரணையின் ஆரம்பப் பக்கங்களில் பூந்தமல்லியின் பெயரும் இருக்கிறது.

திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் அது. காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுவது அவருடைய கைங்கரியம். பெருமாள் அவரோடு நேரில் பேசுவார் என்பது குருபரம்பரைக் கதை. பூந்தமல்லிக்கு அடுத்து, பெங்களூர் சாலையில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், மனத்திலிருந்த ஐயங்களைப் பெருமாளிடம் கேட்டுச் சொல்லும்படி நம்பிகளை வேண்டினார். கிடைத்த பதில்களே வைணவர்கள் ‘ஆறு வார்த்தைகள்’ என்று போற்றுபவை. அவற்றில் ஒன்று, சரணாகதியே வழி என்கிறது. இன்னொன்று, உயிர் பிரியும் நேரத்தில் இறைவனை நினைக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை என்கிறது. அதாவது, கடைசி நொடியின் மன முயற்சியையும் மனிதனின் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது.

அப்படியானால் மனிதன் செய்ய வேண்டியது என்ன? ராமானுஜருக்குப் பின் வந்தவர்கள் இங்கேதான் பிரிந்தார்கள். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. தாய் கிளைக்குக் கிளை தாவும்போது அந்தப் பிடி விடக் கூடாது. வேதாந்த தேசிகரின் வடகலைக்கு இது உவமை. பூனைக் குட்டி ஒன்றும் செய்வதில்லை. தாய்தான் கவ்விக்கொண்டு போகிறது. பிள்ளை உலகாசிரியரின் தென்கலைக்கு இது உவமை. மேற்கு மாம்பலத்து மாமாக்கள் நாமத்தின் வடிவத்துக்காகச் சண்டை போட்டதெல்லாம் பிற்பாடு. மூலச் சண்டை இந்தப் பிடியைப் பற்றியது.

இப்போது கோவளத்துக்கு வரலாம். மே முதல் செப்டம்பர் வரை இங்கே வரும் நல்ல அலைகளில் பலவும் இங்கே பிறந்தவை அல்ல. தென் அரைக்கோளத்தில் அது குளிர்காலம். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் சுழன்றடிக்கும் புயல்காற்று தன் ஆற்றலைத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. அந்த ஆற்றல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, பல நாள் பயணத்தில், சோழமண்டலக் கரையைத் தொடுகிறது. பயணம் செய்வது ஆற்றல் மட்டும்தான். தண்ணீர் இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது. கடலின் ஆழம் அலையின் உயரத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும் மணல்திட்டில் அலை முன்னே சாய்ந்து உடைகிறது. சர்ஃபர் செய்வதெல்லாம் அந்த நொடிக்குச் சற்று முன் நான்கைந்து முறை கைகளால் வலித்து, பலகையின் வேகத்தை அலையின் வேகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவது.

நான்கைந்து கைவலிப்பு ஒரு தட்டில். ஒரு பெருங்கடலைக் கடந்து வந்த புயலின் ஆற்றல் மறு தட்டில். பிள்ளை உலகாசிரியர் பார்த்திருந்தால் தன் கட்சிக்குச் சாட்சி கிடைத்தது என்றிருப்பார். அவர் ஒன்றும் செய்யாதே என்று சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறான வாசிப்பு. செய், ஆனால் செய்ததை உபாயமாக எண்ணாதே. நீ சரணடைந்ததைக்கூட ஒரு சாதனையாகக் கணக்கில் எழுதாதே என்பதுதான் அவர் நிலை. ஜீவனிடம் எதிர்பார்ப்பது ‘விலக்காமை’ மட்டும்: வருகிற அருளைத் தடுக்காமல் இருப்பது. இதைச் சோம்பேறிச் சித்தாந்தம் என்பவர்கள் அவருடைய வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். 1323இல் டெல்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, தள்ளாத வயதில் கோயிலின் உற்சவரான நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு தெற்கே கிளம்பியவர் அவர். போகிற வழியில்தான் உயிரும் போயிற்று. பூனைக் குட்டிக் கட்சியின் ஆசிரியர் கடைசிவரை நடந்துகொண்டுதான் இருந்தார்.

தேசிகரின் மறுப்பும் லேசானதல்ல. பத்தடி இடைவெளியில் இரண்டு பேர் பலகைமேல் படுத்திருக்கிறார்கள். ஒரே அலை இருவருக்கும் கீழே வருகிறது. ஒருவரைத் தூக்கிக்கொண்டு போகிறது. மற்றவரை விட்டுவிட்டுப் போகிறது. காரணம் ஏதுமில்லை என்றால் இறைவன் பாரபட்சம் பார்ப்பவன் ஆகிவிடுவான். அந்தப் பழி வராமலிருக்க, ஜீவனின் பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சாக்கு வேண்டும். ‘வியாஜம்’ என்பார் தேசிகர். சாக்கு என்பது விலை அல்ல. அந்த நான்கு கைவலிப்பு அலையை வாங்கிவிடவில்லை; ஆனால் அது இல்லாதவரை அலை தாண்டித்தான் போகும்.

போட்டிக் கடலில் இந்த வழக்கு இன்னும் கூர்மையாகத் தெரியும். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார், இந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியர். ஒரு சுற்றுக்கு அரை மணியோ அதற்குக் குறைவோதான் நேரம். பிடித்த அலைகளில் சிறந்த இரண்டுக்கு மட்டும் மதிப்பெண். ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்தவர், அந்த அரை மணியில் நல்ல அலை தன் பக்கம் வராமலே தோற்றுப் போவதுண்டு. தகுதி இருந்தது, முயற்சி இருந்தது, அலை வரவில்லை. எந்த வீரரும் இதற்காகக் கடல்மீது வழக்குப் போட்டதில்லை. எந்த வீரரும் இதைக் காரணம் காட்டிப் பயிற்சியை நிறுத்தியதும் இல்லை. இரண்டு ஆசிரியர்களும் தங்கள் சீடர்களிடம் கேட்டது ஏறக்குறைய இந்த மனநிலையைத்தான்.

முதல்முறை பலகை ஏறுபவருக்கு வேறொன்று நடக்கிறது. அவர் கைகளால் வலிப்பதே இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் பயிற்சியாளர் பலகையைப் பிடித்துக்கொள்கிறார். கடலைப் பார்த்து எது சரியான அலை என்று அவரே முடிவு செய்கிறார். நேரம் வந்ததும் பின்னாலிருந்து தள்ளிவிட்டு ‘எழு!’ என்று கத்துகிறார். குரங்கும் இல்லை, பூனையும் இல்லை. ஆசாரியன். ஆசாரியனின் அபிமானமே கரையேற்றிவிடும் என்று தென்கலை மரபில் ஒரு கொள்கையே உண்டு. நம்பிகள் கொண்டுவந்த ஆறாவது வார்த்தையும் பெரிய நம்பி என்ற இன்னொருவரை ஆசாரியராகப் பற்றிக்கொள் என்பதுதான்.

அந்த ஆசாரியர் யார் என்பதும் சின்ன விஷயமல்ல. கோவளத்தில் பலகையைத் தள்ளுபவர்களில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அங்கே சர்ஃபிங்கை வேரூன்றச் செய்த மூர்த்தி மேகவன், அந்தக் குப்பத்து மீனவர்; குடி, புகை இரண்டும் கூடாது என்பது அவர் பிள்ளைகளுக்கு வைத்த சட்டம். வெளிவட்டச் சாலையில் நெமிலிச்சேரியிலோ நசரத்பேட்டையிலோ ஏறி, வண்டலூரில் இறங்கி, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் வந்து சேரும் ஐடி பொறியாளர் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறார். திருக்கச்சி நம்பிகள் பிராமணர் அல்லர். ராமானுஜர் அவரையே ஆசாரியராக ஏற்க விரும்பினார், நம்பிகள்தான் மறுத்தார். அவர் உண்ட மிச்சத்தையாவது உண்ணலாம் என்று ராமானுஜர் அவரை வீட்டுக்கு அழைத்தார். ராமானுஜர் இல்லாத நேரத்தில் சாப்பாடு போட்ட மனைவி, இலையை எறிந்து இடத்தையும் மெழுகிவிட்டார். அந்த மனத்தாங்கல் ராமானுஜரின் துறவு வரை போனது. சாதியைத் தாண்டிக் கற்றுக்கொள்வது பதினோராம் நூற்றாண்டில் ஒரு குடும்பத்தை உடைத்தது. இன்று கட்டணம் கட்டினால் போதும். இதை முன்னேற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியுமா என்பது சந்தேகம். கடலில் கேட்கும் சொல்லைக் கரையேறியதும் கேட்கிறோமா என்பது வேறு கணக்கு.

நின்றபடி துடுப்பு வலிக்கும் பேடில்போர்டு முழுக்க வடகலை. முட்டுக்காட்டு உப்பங்கழியில் அலை கிடையாது. வலித்தால் நகரும், நிறுத்தினால் நிற்கும். கோவளத்துக்காரரான சேகர் பச்சை இதில் தேசிய சாம்பியன் பட்டம் வென்றவர். அந்தப் போட்டியில் அருளுக்கு இடம் குறைவு; தோள்தான் பேசும்.

இன்னொரு முனையில் அமெரிக்காவின் லெமூர். கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, கலிஃபோர்னியாவின் விவசாய நிலத்துக்கு நடுவே, பதினொரு முறை உலக சாம்பியன் கெல்லி ஸ்லேட்டர் ஒரு நீண்ட குளத்தில் செயற்கை அலையை உருவாக்கினார். பொத்தானை அழுத்தினால் அப்பழுக்கற்ற அலை, ஒவ்வொரு முறையும் அதே அலை. 2018இல் உலகத் தொடரின் போட்டியே அங்கே நடந்தது. நியாயமான போட்டி, எல்லோருக்கும் சம வாய்ப்பு, தேசிகர் அஞ்சிய பாரபட்சம் துளியும் இல்லை. ஆனாலும் சலிப்பாக இருக்கிறது என்று குறைப்பட்ட சர்ஃபர்களும் ரசிகர்களும் உண்டு. காத்திருப்பு போய்விட்டால் கிடைப்பதன் ருசியும் மாறிவிடுகிறது போலும். அம்பத்தூர் எஸ்டேட் இயந்திரங்களும் இதே நேர்மை கொண்டவை: போட்டது போட்டபடி வெளியே வரும். அதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

இவ்வளவு தூரம் வந்தபின் அலையே அருள் என்று சொல்லிவிடத் தோன்றும். அங்கேதான் நிற்க வேண்டும். 2004 டிசம்பர் 26 காலையில் இதே கரைக்கு வந்ததும் அலைதான். மணலில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களை அது தகுதி பார்த்து எடுக்கவில்லை. கடலுக்குக் கருணையும் இல்லை, வன்மமும் இல்லை. வைணவம் பேசும் அருளோ ஒருவனுடைய கருணை. கேட்கிற காது உள்ளவன், தாயார் பரிந்துரைத்தால் இளகுகிறவன். காதில்லாத தண்ணீரை அவன் இடத்தில் வைப்பது கவிதைக்கு ஆகும், தத்துவத்துக்கு ஆகாது.

ஆவடிக்கு மேற்கே திருநின்றவூர்க் கோயில் இந்தக் குழப்பத்தை எப்போதோ தீர்த்துவைத்திருக்கிறது. வைகுண்டத்தை விட்டுக் கோபித்துக்கொண்டு வந்த திருமகள் நின்ற ஊர் அது. அவள் பாற்கடலில் பிறந்தவள்; எனவே சமுத்திரராஜன் தகப்பன் முறை. அவன் கரையை விட்டு இவ்வளவு தூரம் உள்நாட்டுக்கு வந்து, பெற்ற மகளையே ‘என்னைப் பெற்ற தாயே’ என்று அழைத்துக் கெஞ்சினான். அவள் அசையவில்லை. பிறகு பெருமாளிடம் போய் முறையிட, அவர் இந்தப் பக்தனுக்காக இறங்கி வந்து பக்தவத்சலன் என்று பேர் வாங்கினார். தாயாரின் திருநாமம் இன்றும் என்னைப் பெற்ற தாயார். அங்கே கடல் அருள் வழங்குபவன் அல்லன். அருளுக்காகக் கைகட்டி நிற்கும் இன்னொரு பக்தன். அலைச்சறுக்கைப் பற்றி யார் எழுதியதையும்விட இது தெளிவான பார்வை. மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலாரும் இதே ஊர்க்காரர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலையை மட்டும் அப்படிக் கட்டிவிட முடியாது, போய்த்தான் நிற்க வேண்டும்.

போய் நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையின் மேற்குப் புறநகரில் வளர்ந்தவர்களுக்கு ஏரி பழக்கம், கடல் பழக்கமில்லை. அமாவாசை, பௌர்ணமி, கிரகணம் தவிர மற்ற நாளில் கடலைத் தொடாதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சாஸ்திரம்தான் என்றாலும், அதில் கொஞ்சம் பயமும் கலந்திருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள், கரையை நோக்கி நேராக எதிர்நீச்சல் போட்டுக் களைத்துத்தான் மூழ்குகிறார்கள். அங்கே செய்ய வேண்டியது முதலில் மிதப்பது, இழுப்பை எதிர்க்காதிருப்பது, கையை உயர்த்தி உதவி கேட்பது; பிறகு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகுவது. தென்கலையில் தொடங்கி வடகலையில் முடிக்க வேண்டிய காரியம். நீச்சல் தெரியாதவர்கள் முதலில் ஊரிலேயே ஒரு நீச்சல் குளத்தில் மூன்று மாதம் கற்றுக்கொண்டு, பயிற்சியாளர் இருக்கும் இடத்தில் மட்டும் பலகை ஏறுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளிக்கும்போது, குப்பத்துக்காரர்கள் படகை இறக்கவில்லை என்றால் நீங்களும் இறங்காதீர்கள்.