பற்றுக்குச் சான்று கேட்பவர் யார்?

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில், தறியொலி கேட்கும் வீடொன்றின் வாயிலில் சற்றே நிற்போம். சேலையின் உடல் ஒரு நிறம். கரை மற்றொரு நிறம். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. இரண்டின் ஊடையிழைகளும் சந்திக்குமிடத்தில் ஒன்றையொன்று கோத்துக் கொள்கின்றன. கோர்வை என்பர் அதனை. சேலை நைந்தாலும் கரை பிரியாது என்பது நெசவாளியின் பெருமிதம். "நீ வேறு நிறமாயிற்றே, இந்தச் சேலையைச் சேர்ந்தவன்தானா?" என்று எந்த நெசவாளியும் கரையைக் கேட்பதில்லை.

மனிதனைத்தான் கேட்கிறோம்! அவன் பிறந்த மதத்தைப் பார்த்து, "உன் பற்று எந்தப் பக்கம்?" என்கிறோம். அந்தக் கேள்வி அறமாகுமா? விமானி ஒருவரின் வாழ்வை உரைகல்லாகக் கொண்டு ஆராய்வோம்.

இத்ரிஸ் ஹசன் லத்தீப், 1923-ஆம் ஆண்டு ஐதராபாத்தில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, இருபது வயது நிரம்பும் முன்பே விமானப்படையில் சேர்ந்தார். இங்கிலாந்தில் பயிற்சி பெற்றார். பர்மாப் போர்முனையில் விமானம் ஓட்டினார். வானத்தில் சாதி ஏது, சமயம் ஏது? உயரம் காட்டும் கருவி, ஓட்டுபவனின் நெற்றியைப் பார்த்தா முள்ளை அசைக்கிறது? திறமை இருந்தால் திரும்பி வரலாம், இல்லையேல் இல்லை.

வந்தது 1947. நாடு இரண்டாயிற்று, படையும் இரண்டாயிற்று. விமானங்களைப் பங்கிட்டனர், வீரர்களும் பிரிந்தனர். போர்க்காலத் தோழர்களான அஸ்கர் கான், நூர்கான் இருவரும் பாகிஸ்தானுக்கு வருமாறு லத்தீபை அழைத்தனர். பின்னாளில் அந்நாட்டு விமானப்படைக்கே தலைவர்களானவர்கள் அவர்கள். லத்தீப் இசையவில்லை. மதம் வேறு, நாடு வேறு என்பது அவர் கொண்ட முடிவு.

அந்த முடிவிலே உணர்ச்சி மட்டுமா இருந்தது? இல்லை, உண்மையும் இருந்தது. தொலைவுக்குப் போவானேன்? நம் காஞ்சியிலேயே, வரதராசப் பெருமாள் கோயிலிலே, ஒரே கடவுளைத் தொழுவோர் வடகலை என்றும் தென்கலை என்றும் பிரிந்து, நாமத்தின் வடிவுக்காக நீதிமன்றப் படியேறிய கதையை ஊரறியும். ஒரு கோயிலின் மதிலுக்குள் இருப்போரையே ஒன்றாக்க இயலாத மதம், ஒரு நாட்டை ஒன்றாக்கிவிடுமோ? 1971-இல் வங்கதேசம் தனிநாடாகி விடை தந்தது. மதம் ஒன்றாக இருந்தும், மொழியும் உரிமையும் மறுக்கப்பட்ட மக்கள் பிரிந்தே போயினர்.

1978-இல் லத்தீப் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார். ஜாகுவார், மிக்-25 விமானங்கள் அவர் காலத்தில் படையில் சேர்ந்தன. 1981-இல் ஓய்வு பெற்றார். பின்னர் மராட்டிய மாநில ஆளுநர், பிரான்சு நாட்டுக்கான தூதர் எனப் பணியாற்றி, 2018-இல் மறைந்தார்.

"பார்த்தீர்களா, எவ்வளவு நல்ல முஸ்லிம்!" என்று பாராட்ட முந்துவோர் உண்டு. தோழர்களே, அந்தப் பாராட்டுக்குள்ளே ஒளிந்திருக்கும் நஞ்சைக் காணுங்கள்! இந்தியப் படையொன்றின் தலைமைக்கு வந்த முதல் முஸ்லிம் என்று அவரைக் குறிக்கிறோம். அவருக்கு முன்னும் பின்னும் இருந்த இந்துத் தளபதிகளை எவரேனும் மதம் சொல்லிக் குறித்ததுண்டா? அவர்களுக்குப் பற்று பிறப்பிலேயே வாய்த்ததாம். இவரோ உயிரைப் பணயம் வைத்துப் பறந்து, பணி முழுவதும் சான்று காட்ட வேண்டுமாம்! "கீழ்ச்சாதியில் பிறந்தும் எவ்வளவு அறிவு!" என்று வியப்பவன் வாயிலிருந்து வருவதும் இதே சொல்தான். வியப்பிலே விஷம் இருக்கிறது. பிறப்பை வைத்து ஐயுறுவதும் பிழை. பிறப்பை மீறினான் என்று மெச்சுவதும் அதே பிழையின் மறுபக்கம்.

அப்படியானால் எல்லை கடந்து சென்ற அஸ்கர் கான் குற்றவாளியா? அதுவும் அன்று. 1971-இல் தம் நாட்டு ஆட்சியாளர் கிழக்கு வங்க மக்களை ஒடுக்க முனைந்தபோது, தேர்தலில் வென்ற முஜிபுர் ரகுமானிடம் ஆட்சியை ஒப்படைக்கச் சொல்லிக் குரல் கொடுத்தவர் அவர். நேர்மை ஒரு கொடியின் கீழ் மட்டும் குடியிருப்பதில்லை. மனச்சான்றுக்கு எல்லைக்கோடு ஏது?

ஆகவே, சீருடையை வணங்கச் சொல்லி இதனை எழுதவில்லை. வழிபாடு நம் வழியும் அன்று. தேர்வு ஒருவன் செயல். பிறப்பு அவன் செயலன்று. செயலைக் கொண்டு மனிதனை எடைபோடுவது அறிவு. பிறப்பைக் கொண்டு எடைபோடுவது, தராசையே தூக்கி எறிவதாகும்.

நாளை நம் தெருவில், நம் பணியிடத்தில், வேற்று மதத்தான் ஒருவனிடம் எவரேனும் பற்றுக்குச் சான்று கேட்கக்கூடும். அப்போது லத்தீபை உதாரணம் காட்டி அவனுக்காக வாதாட வேண்டியதில்லை. கேட்பவனையே திருப்பிக் கேட்போம்: "உன் சான்று எங்கே?"

கரையைப் பிய்த்துப் பார்த்துத்தான் கோர்வையின் உறுதியை அறிய வேண்டுமென்பவன், சேலையைக் கிழிக்க வந்தவனே ஒழிய நெய்ய வந்தவன் அல்லன்.