கூச்சமுள்ளவன் அப்பாவாகும்போது

கூச்ச சுபாவமுள்ள ஓர் ஆண் அப்பாவாகப் போகிறான் என்றால், நம் ஊர் வழக்கம் அவனுக்குப் பெரிய சலுகை ஒன்றைத் தருகிறது. அவன் எதிலும் முன்னால் வந்து நிற்க வேண்டியதில்லை. வளைகாப்பில் வளையல் அடுக்குவது பெண்கள். அதோடு மனைவி தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். அரசு மருத்துவமனையில் பிரசவத் துணையாக உள்ளே விடுவது ஒரு பெண் உறவினரைத்தான். குளிப்பாட்டவும் தூங்கவைக்கவும் பாட்டிகள் இருக்கிறார்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையைக் கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள். அதுவரை அவன் விருந்தாளி.

நான் அப்படிப்பட்ட சுபாவக்காரன். கல்யாண வீடுகளில் மொய் எழுதியதும் கிளம்பிவிடுவேன். போன் அடித்தால் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். பிள்ளை இல்லை என்று நாங்கள் இருவரும் மனதைத் தேற்றிக்கொண்டு, 'விசேஷம் உண்டா' என்று கேட்பவர்களும் ஓய்ந்துபோன பிறகு, ஒரு காலையில் என் மனைவி அந்தச் செய்தியைச் சொன்னாள். சந்தோஷத்தின் பின்னாலேயே பயம் வந்தது. பிள்ளை வளர்ப்பு என்பது பாதிக்குமேல் பேச்சுதானே. நாலு பேரிடம் பேசத் தெரியாதவன் ஒரு மனிதனை எப்படி வளர்ப்பான்?

"மாப்ள, நீங்க ஒண்ணும் அலட்டிக்காதீங்க, எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றார் மாமியார். பிரியத்தோடு சொன்னதுதான். ஆனால் என்னைப் போன்றவன் விலகி நிற்பதற்கு இதைவிட நல்ல வழி கிடைக்காது. அந்த வழியில் போகக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். ஒருமுறை ஒதுங்கிப் பழகிவிட்டால், பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதிலும் ஒதுங்கியேதான் நிற்பேன் என்று எனக்குத் தெரியும்.

கர்ப்பத்தைப் பதிவுசெய்து 'பிக்மி' என்ற பதிவு எண் வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானும் போனேன். வரிசை முழுக்கப் பெண்கள். "வீட்ல பெரியவங்க யாரும் வரலையா சார்?" என்று நர்சம்மா கேட்டார். "நான்தாங்க வந்திருக்கேன், என்கிட்ட சொல்லுங்க" என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சேர்த்துப் போடக் கூடாது. ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், பிந்திய மாதங்களில் குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். சந்தேகம் வந்த இடத்தில் திரும்பக் கேட்டேன். எனக்காக என்றால் வாயில் வராத கேள்விகள் மனைவிக்காக வந்தன. கூச்சம் போய்விடவில்லை, அதைச் சுமந்துகொண்டே கேட்க முடிகிறது என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

அலுவலகத்தில் விடுப்புக் கேட்பது இன்னும் கடினம். வேலை பார்க்கும் தாய்க்கு 2017-ன் சட்டத் திருத்தம் 26 வார விடுப்பைக் கொண்டுவந்தது. மத்திய அரசில் பணிபுரியும் தகப்பனுக்கு 15 நாள் உண்டு. தனியார் நிறுவனத்தில் இருப்பவனுக்குச் சட்டத்தில் எதுவும் இல்லை, வாய் திறந்து கேட்டால் உண்டு. கேட்கத் துணிந்தவனுக்கு மட்டும் கிடைப்பதை உரிமை என்று எப்படிச் சொல்வது? வாயில்லாப் பூச்சியாக இருப்பவனின் பிள்ளைக்கும் அப்பாவின் கை வேண்டுமே. இது மாற வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். அதுவரை நான் கேட்டாக வேண்டும்; மேலாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நேரிலும் போய்ச் சொன்னேன்.

மாமியாரிடமும் ஒன்று கேட்டேன். பிரசவம் முடிந்ததும் மகளைக் கூட்டிப் போவதற்குப் பதிலாக அவர் எங்களோடு வந்து தங்க வேண்டும், காலை நீட்டிப் பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்ட எனக்கும் சொல்லித்தர வேண்டும் என்று. அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "வெந்நி விளாவத் தெரியுமா?" என்றார். இந்த வேலையெல்லாம் ஓர் ஆணுக்கு வருமா? பிலிப்பைன்ஸின் செபு நகரில் 600-க்கும் மேற்பட்ட ஆண்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. அப்பாவானவர்களின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் வெகுவாகக் குறைந்திருந்தது. தினமும் மணிக்கணக்கில் பிள்ளையைக் கவனித்தவர்களுக்கு இன்னும் குறைவாக இருந்தது. ஆண் உடம்பும் இந்த வேலைக்குத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அதற்குப் பேச்சுத்திறமை தேவையில்லை. பக்கத்தில் இருந்து தூக்கி, துடைத்து, துணி மாற்றினால் போதும். எனக்கு இது பெரிய ஆறுதல்.

இப்போதிருக்கும் பயம் வேறு. பிள்ளையும் என்னைப் போலவே பிறந்தால்? ஹார்வர்டின் உளவியலாளர் ஜெரோம் கேகன் நாலு மாதக் குழந்தைகளுக்குப் புதிய ஓசைகளைக் கேட்கவைத்தும் ஆடும் பொம்மைகளைக் காட்டியும் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒன்று கைகாலை உதறி அழுதது. அப்படி அழுதவர்களில் பலர் பின்னாளில் புது ஆட்களைக் கண்டு கூசும் பிள்ளைகளானார்கள். எல்லோரும் அல்ல. சுபாவம் கூடவே பிறந்தாலும், அது எந்தப் பக்கம் போகும் என்பதில் வளர்ப்புக்கும் இடம் இருக்கிறது. விசேஷ வீட்டில் என் பிள்ளை என் காலுக்குப் பின்னால் ஒளிந்தால், "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்று கூட்டத்தின் நடுவே தள்ளிவிட மாட்டேன். கூச்சம் என்று தூக்கிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட மாட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பேன். நான் முதலில் வணக்கம் சொல்வேன். அதற்கு எனக்குப் பழக்கம் வேண்டும் என்பதால், எதிர்வீட்டுப் பெரியவரிடம் காலையில் நானாகவே போய்ப் பேச ஆரம்பித்திருக்கிறேன். அவர் ஆறு பேரப்பிள்ளைகளைக் கண்டவர். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருக்கிறது.